ஐரிஷ் லிங்க்ஸில் ஒரு ரவுண்ட்: காற்று, மழை, வெயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக்கு கோல்ஃப் ஆட வரும் நண்பர்கள் கிளம்புமுன் கேட்பதெல்லாம் மழையைப் பற்றி. முதல் ரவுண்ட் (வரிசையாக 18 ஹோல், அதாவது முதல் அடியிலிருந்து பந்தைக் குழியில் போடும் வரையான 18 பகுதி) முடித்துவிட்டு வந்து புலம்புவதெல்லாம் காற்றைப் பற்றி. இந்த இரண்டுக்கும் நடுவில் வழக்கமாக வரும் கேள்விகளைச் சேர்த்து எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே போட்டிருக்கிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஹேண்டிகேப் 18 (பார், அதாவது மைதானத்துக்கென்று வகுத்த அடிக்கணக்கைவிடச் சுமார் 18 அடி கூட எடுக்கிறவன்). நனைந்து, விறைத்து, பந்துகளைத் தொலைத்துக் கற்றுக்கொண்டவைதான் எல்லாம்.

கடலோரத்தில் இருந்தாலே அது லிங்க்ஸ் மைதானமா?

இல்லை. கடல் கண்ணில் பட்டால் போதாது, காலடியில் மணல் இருக்க வேண்டும். கடற்கரைக்கும் விளைநிலத்துக்கும் நடுவே காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள், அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டு வளரும் மெல்லிய புல், மரமென்று சொல்ல ஒன்றுமில்லாத வெளி, இதுதான் லிங்க்ஸ். உழுதால் ஒன்றும் விளையாது, ஆடு மேய்க்கலாம், இல்லாவிட்டால் கோல்ஃப் ஆடலாம். தெற்கே கின்சேல் பக்கம் ஓல்ட் ஹெட் என்று செங்குத்தான பாறை முனையில் ஒரு மைதானம் இருக்கிறது, படத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் அது பாறைக்கு மேல் இருக்கிற நிலம், லிங்க்ஸ் அல்ல. லாஹிஞ்ச், பாலிபனியன், போர்ட்மார்னக், ராயல் போர்ட்ரஷ், ராயல் கவுண்டி டவுன் எல்லாம் அசல் லிங்க்ஸ்.

இந்த மணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பாதி பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன. மணல் தண்ணீரைத் தேக்காது. அதனால் தரை இறுகிக் கிடக்கும், பந்து விழுந்த பிறகும் ஓடும். மேலே காற்று, கீழே உருளும் தரை. ஆட்டமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒரே நாளில் நான்கு பருவமும் வரும் என்கிறார்களே, மிகையா?

கொஞ்சம் மிகை, ஆனால் பொய் இல்லை. அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் காற்றழுத்தத் தாழ்வுகளுக்கு முதலில் எதிர்ப்படும் நிலம் அயர்லாந்துதான். அவை நின்று பெய்வதில்லை, ஓடிக்கொண்டே பெய்கின்றன. பெரும்பாலும் இப்படி நடக்கும்: முதலில் தெற்கு, தென்மேற்கிலிருந்து காற்று வலுக்கும், வானம் தாழ்ந்து விடாமல் மழை பெய்யும். பிறகு திடீரென்று காற்று மேற்குக்கோ வடமேற்குக்கோ திரும்பும், வெளிச்சம் வரும், குளிர் கூடும், நீலவானத்துக்கு நடுவே பத்து நிமிட மழைகள் வந்து வந்து போகும். எங்கள் மீனவர்கள் கச்சான் (தென்மேற்கு, மேற்குக் காற்று), வாடை (வடக்கிலிருந்து வருவது) என்று திசைக்கொரு பெயர் வைத்ததன் அருமை இந்தக் கரையில் நிற்கும்போதுதான் புரிந்தது. கச்சான் போய் வாடை வருவது பாதி ரவுண்டில் நடந்தால், முதல் ஒன்பது ஹோலில் எதிர்க்காற்றைத் தாங்கியவர் "திரும்பி வரும்போது நமக்குப் பின்காற்று" என்று நம்பியிருந்ததெல்லாம் வீண்.

மழையின் அளவைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். டப்ளினில் வருஷத்துக்குச் சுமார் 750 மில்லிமீட்டர்தான், சென்னையில் அதைவிட எவ்வளவோ அதிகம். வித்தியாசம் என்னவென்றால் நம்மூரில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதை இவர்கள் வருஷம் முழுக்கத் தூறலாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கிழக்குக் கரையில் சுமார் 150 மழை நாள், மேற்கில் சில இடங்களில் 225 வரை. மெல்லிய தூறலும் கொஞ்சம் மூட்டமுமாக இருக்கும் நாளை ஊர்க்காரர்கள் "சாஃப்ட் டே" என்பார்கள், மென்மையான நாள் என்று அர்த்தம். சொட்டச் சொட்ட நிற்கும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொல்கிறார்.

எந்த மாதம் வரலாம்?

மே, ஜூன். வெயில் அதிகம் கிடைப்பது இந்த இரண்டு மாதங்களில்தான், மழையும் குறைவு. கோடை விடுமுறை என்று ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள்தான் அதிகம், ஆனால் மே மாதமே மேல். ஜூன் கடைசியில் இன்னொரு லாபம்: பகல் 17 மணி நேரம் நீளும், மேற்குக் கரையில் சூரியன் மறைய இரவு 10 மணி தாண்டும். மாலை 5 மணிக்குத் தொடங்கினாலும் வெளிச்சத்திலேயே முடிக்கலாம், அந்த நேரத்துக்குக் கட்டணமும் பல இடங்களில் குறைவு. செப்டம்பர் நன்றாக இருக்கலாம். குளிர்காலத்திலும் ஆடலாம், மணல் தரை என்பதால் உள்நாட்டு மைதானங்கள் சேறாகிக் கிடக்கும்போதுகூட லிங்க்ஸ் திறந்திருக்கும். ஆனால் டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வெளியூரிலிருந்து அதற்காக டிக்கெட் போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

வானிலை அறிக்கையை நம்பலாமா?

ஒரு வாரத்துக்கு முந்தைய அறிக்கையைப் பார்த்துக் கவலைப்படுவது வீண். முந்தைய நாள் இரவு மெட் ஏரன் (அயர்லாந்தின் வானிலைத் துறை) சொல்வதைப் பாருங்கள். அதிலும் மழைக் குறியைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகம், எத்தனை மணிக்குத் திரும்புகிறது, இவைதான் வேண்டும். டீக்கு (தேநீர் அல்ல, ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) போகும் முன் மழை ரேடாரை ஒருமுறை பாருங்கள், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அது போதும்.

லாஹிஞ்சில் இதைவிட எளிய வழி இருக்கிறது. அங்கே மைதானத்தில் ஆடுகள் திரிகின்றன. வானிலை கெடப்போகிறது என்றால் அவை கிளப் கட்டடத்தை ஒட்டி வந்து ஒண்டிக்கொள்ளும், நல்ல நாள் என்றால் தூரத்து மணல்மேடுகளுக்குப் போய்விடும். கிளப்பிலிருந்த பழைய காற்றழுத்தமானி பழுதானபோது அதன்மேல் "ஆடுகளைப் பாருங்கள்" என்று எழுதி வைத்துவிட்டார்கள். கிளப்பின் சின்னத்திலேயே ஆடுதான்.

மழை பெய்தால் ஆட்டத்தை நிறுத்துவார்களா? பணம் திரும்பக் கிடைக்குமா?

மழைக்காக நிறுத்த மாட்டார்கள். கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) தண்ணீர் தேங்கிக் குழியே மூழ்கினால்தான் நிறுத்துவார்கள், மணல் தரையில் அது எப்போதாவதுதான் நடக்கும். பணமும் பெரும்பாலும் திரும்பாது. பெயர்பெற்ற மைதானங்களில் ஒரு ரவுண்டுக்கு 300 யூரோவுக்கு மேல் ஆகிறது, அதனால் முன்பதிவு செய்யும்போதே மைதானம் மூடப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக "ஐயோ மழை" என்று திரும்பினால் அது உங்கள் செலவு.

என்ன உடுத்துவது?

ஒரே தடியான கோட்டு வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு கையைச் சுழற்ற முடியாது, வெயில் வந்தால் கழற்றி எங்கே வைப்பது என்றும் தெரியாது. உடம்பை ஒட்டிய மெல்லிய முழுக்கை உள்ளாடை, அதன்மேல் டி-ஷர்ட், அதன்மேல் மெல்லிய கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட். பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிர்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஜூலை மாதத்திலேயே பகல் வெப்பம் 18 டிகிரி வாக்கில்தான் இருக்கும், அதில் காற்றும் சேர்ந்தால் கம்பளித் தொப்பி தேடுவீர்கள்.

முக்கியமானது மழைக் கால்சட்டை. எல்லாரும் ஜாக்கெட்டுக்குப் பணம் செலவழித்துவிட்டு இதில் கஞ்சத்தனம் செய்கிறார்கள். காற்றில் மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும், தொடையில்தான் முதலில் அடிக்கும். இன்னொன்று, மழை வருவதற்கு முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். என் முதல் வருஷத்தில் மேற்குக் கரையில் ஒரு மைதானத்தில் "இன்னும் ஒரு ஹோல் தாங்கும்" என்று நினைத்து நடந்தேன். மழை வந்ததும் காற்றில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஷூ மாட்டிய காலைக் கால்சட்டைக்குள் நுழைக்கப் பார்த்து விழுந்து, எழுந்து, மொத்தமாக நனைந்த பிறகுதான் போட்டு முடித்தேன். நனைந்த துணியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடல் பக்கம் அடிவானம் மங்கினால் உடனே போட்டுவிடுங்கள், உங்களுக்குப் பத்து நிமிடம்கூட இல்லை.

கண்ணாடி போடுகிறவர்கள் விளிம்புள்ள தொப்பி போட்டு அதன்மேல் ஜாக்கெட்டின் முக்காட்டை இழுத்துக்கொள்ளுங்கள். ஷூ தண்ணீர் புகாததாக இருக்கட்டும், பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் பல கிளப்புகளில் உள்ளே விட மாட்டார்கள்.

குடை?

காற்றில்லாத தூறலுக்குச் சரி. மற்றபடி அது காற்றாடி. ஒருமுறை நான் குடையைப் பிடித்தேனா குடை என்னைப் பிடித்ததா என்று தெரியாமல் கொஞ்ச தூரம் போயிருக்கிறேன். கடைசியில் உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பி முட்புதரில் போய் உட்கார்ந்தது. அதை எடுக்க உள்ளே போனதில் நல்ல ஜாக்கெட்டும் கிழிந்தது.

அப்படியானால் மழையில் உண்மையான பிரச்சினைதான் என்ன?

கை. உடம்பு நனைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கிளப்பின் (பந்தை அடிக்கும் கோல்) பிடி நனைந்தால் ஆடவே முடியாது. வழுக்குமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கியதும் தோள் வரை விறைத்துவிடும், பந்து வலப்பக்கம் பறக்கும். தோல் கையுறை நனைந்தால் சோப்பு மாதிரி ஆகிவிடும். மழைக்கென்றே துணியில் செய்த கையுறைகள் ஜோடியாகக் கிடைக்கின்றன, அவை நனைந்த பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். விலையும் அதிகமில்லை, இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் பொருள்களில் ஒன்றை மட்டும் வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள்.

அப்புறம் துண்டு. மூன்று வேண்டும். ஒன்றை ஜாக்கெட்டுக்குள், இன்னொன்றைப் பைக்குள் பிளாஸ்டிக் உறையில், மூன்றாவதை வெளியே சேறு துடைக்க. பையிலிருந்து கிளப்பை எடுத்ததும் அடித்துவிட வேண்டும், கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற ஒவ்வொரு நொடியும் பிடி நனைகிறது. முதலில் யோசனை, பிறகு கிளப்.

எதிர்க்காற்றில் எத்தனை கிளப் கூட எடுப்பது?

ஒரு கிளப் கூட என்றால் ஒரு படி அதிகத் தூரம் போகும் கோல், எண் குறையக் குறையத் தூரம் கூடும். கணக்கு இருக்கிறது, தோராயமானதுதான், ஆனால் உதவும். மணிக்கு 16 கிலோமீட்டர் எதிர்க்காற்றுக்கு 10 சதவீதம் தூரத்தைக் கூட்டுங்கள். அறிக்கையில் 32 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் 150 கெஜத் தூரம் 180 கெஜமாகிவிடும். இந்தக் கரையில் 32 என்பது சாதாரண நாள், யாரும் அதைக் காற்று என்றே சொல்ல மாட்டார்கள். பின்காற்றுக்கு இந்தக் கணக்கில் பாதிதான், அதே 32 கிலோமீட்டர் பின்னாலிருந்து அடித்தால் 150 கெஜம் 135 ஆகும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுதாக எடுக்க முடியாது, காற்று வட்டிக்காரன் மாதிரி.

பலர் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு அடிக்கும்போது கெடுத்துக்கொள்கிறார்கள். எதிர்க்காற்று என்றதும் பலமாக அடிக்கத் தோன்றும். பலமாக அடித்தால் பந்து பின்பக்கமாக இன்னும் வேகமாகச் சுழலும், அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தூக்குவது. எதிர்க்காற்று அந்தத் தூக்கலைப் பெருக்கும். பந்து பட்டம் மாதிரி ஏறி, ஒரு கணம் நின்று, செத்து விழும். அதனால் இரண்டு கிளப் கூட எடுத்து, பாதி உறக்கத்தில் இருப்பவன் மாதிரி மெதுவாகச் சுழற்ற வேண்டும். 150 கெஜத்துக்கு 5 அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்) எடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. உங்களோடு ஆடும் எழுபது வயது உள்ளூர்க்காரர் அதே இடத்திலிருந்து 3 வுட்டால் (அதைவிடத் தூரம் போகும் கிளப்) தட்டி கிரீனில் ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்.

பந்தைத் தாழ்வாக அடிப்பது எப்படி?

பந்தை வழக்கத்தைவிட ஒரு பந்தகலம் பின்னால், வலக்கால் பக்கம் வையுங்கள் (வலக்கை ஆட்டக்காரர்களுக்குச் சொல்கிறேன்). கைகள் பந்துக்குக் கொஞ்சம் முன்னால். பிடியில் ஓர் அங்குலம் கீழே இறங்கிக்கொள்ளுங்கள். முக்கால் ஸ்விங், முடிவிலும் கைகள் நெஞ்சு உயரத்தில் நின்றுவிடட்டும். அவ்வளவுதான். வருவதற்கு முன்னால் பயிற்சி மைதானத்தில் 7 அயர்னை வைத்து இதை மட்டும் இரண்டு வாரம் அடித்துப் பழகிவிட்டு வாருங்கள், டிரைவரில் (மிக அதிகத் தூரம் போகும் கிளப்) பத்து கெஜம் கூட்டுவதைவிட இது இங்கே பயன்படும்.

குறுக்குக்காற்று?

காற்றோடு சண்டை போடலாம், இல்லாவிட்டால் அதன் முதுகில் ஏறலாம். வளைத்து அடிக்கத் தெரிந்தவர்கள் காற்றுக்கு எதிராக வளைத்து நேராக்குவார்கள். நானும் நீங்களும், காற்று இடமிருந்து வந்தால், இடப்பக்கம் குறிவைத்துவிட்டு, காற்று கொண்டுபோய் நடுவில் போடட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. கஷ்டம் என்னவென்றால் நம்ப வேண்டும். முப்பது கெஜம் தள்ளி முட்புதரைப் பார்த்துக் குறிவைக்கச் சொன்னால் மனம் ஒத்துக்கொள்ளாது, கடைசி நொடியில் உடம்பு தானாக நடுப்பக்கம் திரும்பிவிடும், பந்து மறுபக்க முட்புதரில் கிடக்கும்.

கிரீனுக்குப் பக்கத்தில் வெட்ஜ் வேண்டாம் என்கிறார்களே?

வெட்ஜ் என்பது பந்தை உயரத் தூக்கும் கிளப். வேண்டவே வேண்டாம் என்றில்லை, பங்கரை (மணல் குழி) தாண்ட வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. ஆனால் இறுகிய தரையில் புல் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும், வெட்ஜின் அடிப்பக்கம் தரையில் பட்டு எகிறி பந்தின் தலையில் அடித்துவிடும். வழி திறந்திருந்தால் பட்டரையே எடுங்கள் (வெண்ணெய் அல்ல, கிரீனில் உருட்டும் கிளப்). இருபது, முப்பது கெஜத்திலிருந்துகூட உருட்டலாம். மேடு பள்ளம் அதிகமென்றால் 8 அயர்னால் ஒரு தட்டு, பந்து கொஞ்சம் எகிறி மீதித் தூரம் ஓடட்டும். தரையில் ஓடும் பந்தைக் காற்று அதிகம் தொந்தரவு செய்யாது. மோசமான வெட்ஜைவிட மோசமான பட் (பட்டரால் உருட்டும் அடி) எப்போதும் குழிக்குப் பக்கத்தில் நிற்கும்.

கிரீனில் உருட்டும்போதும் காற்று உண்டு. காலை அகட்டி, உடம்பைத் தாழ்த்தி நில்லுங்கள். காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடவோ குறையவோ தட்டுங்கள். அமெரிக்க மைதானங்களில் ஆடியவர்கள் இங்கே கிரீன் மெதுவாக இருக்கிறதே என்பார்கள். வேண்டுமென்றுதான் அப்படி. அதைவிட வழவழப்பாக வெட்டினால் காற்றுக்குப் பந்து நிற்காது. 2015-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பனையே (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்று), கிரீனில் பந்துகள் தானாக உருள்கின்றன என்று நிறுத்தி வைத்தார்கள்.

காற்றில் பந்து தானாக நகர்ந்தால் விதி என்ன?

பொதுவாகத் தண்டனை இல்லை, புதிய இடத்திலிருந்து ஆட வேண்டும். ஆனால் கிரீனில் நீங்கள் ஏற்கெனவே பந்து இருந்த இடத்தில் அடையாளம் வைத்து, பந்தை எடுத்து, திரும்ப வைத்திருந்தால், அதன் பிறகு காற்று நகர்த்தினால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். அதனால் பலத்த காற்றில் கிரீனுக்குப் போனதும் அடையாளம் வைத்து எடுத்துத் துடைத்து வைத்துவிடுவது என் வழக்கம். ஆனால் காற்று பந்தைக் குழிக்குள் தள்ளிவிடும் வாய்ப்பையும் அதோடு இழந்துவிடுகிறேன், அதுவும் உண்மை.

ரஃப், பங்கர், முட்புதர், எது மோசம்?

முட்புதர். கோர்ஸ் என்று பெயர், வசந்த காலத்தில் மஞ்சளாகப் பூத்து அழகாக இருக்கும், தேங்காய் மணம்கூட வீசும். உள்ளே போன பந்தை அங்கிருந்தே அடிக்கலாம் என்ற எண்ணத்தை மறந்துவிடுங்கள். ஒரு தண்டனை அடி வாங்கிக்கொண்டு வெளியே எடுத்துப் போட்டு ஆடுவதே மலிவு. பங்கர்கள் சிறியவை, ஆழமானவை. பல இடங்களில் புல்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பியிருப்பார்கள், ராயல் கவுண்டி டவுனில் பங்கர் விளிம்பில் புல் தாடி மாதிரித் தொங்கும். பந்து சுவரை ஒட்டிக் கிடந்தால் பக்கவாட்டிலோ பின்னாலோ அடித்து வெளியே வாருங்கள், முன்பக்கம் பார்ப்பது பேராசை.

ரஃபில், அதாவது மணல்மேட்டு உயரப் புல்லில், பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். ஐந்து நிமிடமாக இருந்ததை 2019-ல் குறைத்தார்கள். சந்தேகமென்றால் புறப்படுமுன்னே மாற்றுப் பந்து ஒன்றை அடித்துவிடுங்கள், எதிர்க்காற்றில் திரும்ப டீ வரை நடப்பதைப்போல் சோர்வு தருவது வேறில்லை. ஒரு ரவுண்டுக்கு ஒரு டஜன் பந்து கொண்டுபோங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு ஸ்கோர் எதிர்பார்க்கலாம்?

வழக்கமாக 90 அடிப்பவர் நல்ல காற்றில் 105 அடித்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. அட்டையில் அச்சடித்த பார் காற்றில்லாத நாளுக்கானது, அப்படி ஒரு நாள் அங்கே அபூர்வம்.

2019 ஓப்பன் ராயல் போர்ட்ரஷில் நடந்தது. 1951-க்குப் பிறகு அங்கே திரும்பி வந்த முதல் ஓப்பன். வட அயர்லாந்துக்காரர் ரோரி மெக்கில்ராய் பதினாறு வயதில் அதே மைதானத்தில் 61 அடித்தவர், ஊரே அவருக்காகக் காத்திருந்தது. முதல் ஹோலில் முதல் அடியே எல்லைக்கு வெளியே போய் 8-ல் முடிந்தது, அன்று 79. மறுநாள் 65 அடித்தும், கடைசி இரண்டு நாள் ஆடத் தகுதி பெற ஓர் அடி கூடிப்போய் வெளியேறினார். சனிக்கிழமை அமைதியான மாலையில் அயர்லாந்துக்காரர் ஷேன் லோரி 63 அடித்தார். ஞாயிறு மழையும் காற்றும் மோசமாகும் என்று தெரிந்து தொடக்க நேரத்தையே முன்னுக்கு இழுத்தார்கள். அந்த மழையில் லோரி 72 அடித்து ஆறு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார், கூடவே ஆடிய டாமி ஃபிளீட்வுட்டுக்கு 74. முந்தைய நாள் 63 அடித்தவருக்கே மறுநாள் அதே மைதானத்தில் 72 என்றால் நமக்கு என்ன வரும் என்று நீங்களே பாருங்கள். லோரி கடலே இல்லாத ஆஃபலி மாவட்டத்துக்காரர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 2009-ல் இன்னும் அமெச்சூராக இருந்தபோது பால்ட்ரேயில் ஐரிஷ் ஓப்பனை ஜெயித்ததும் கொட்டும் மழையில்தான்.

அதனால் நண்பர்களோடு ஆடும்போது அடிகளைக் கூட்டாதீர்கள். ஹோலுக்கு ஹோல் யார் ஜெயித்தது என்று மேட்ச் ஆடுங்கள். எதிர்க்காற்றில் ஏழு அடித்து எட்டு அடித்தவரை வெல்வதில் தனி சுகம் இருக்கிறது.

முதல்முறை எந்த மைதானம்?

பணம் தடையில்லை என்றால் லாஹிஞ்ச். 1892-ல் தொடங்கியது, ஊரோடு ஒட்டிய மைதானம், ஆடு இருக்கிறது, அதோடு டெல் என்ற ஐந்தாவது ஹோல் இருக்கிறது. இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே கிரீன் ஒளிந்திருக்கும், டீயிலிருந்து கொடி தெரியாது. மேட்டின்மேல் வைத்த வெள்ளைக் கல்தான் குறி, அதன்மேல் அடித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். நவீன வடிவமைப்பாளர் யாராவது இப்படிச் செய்தால் வேலையைவிட்டுத் துரத்துவார்கள். கெரி மாவட்டத்துப் பாலிபனியனில் முதல் ஹோலின் வலப்பக்கம் கல்லறைத் தோட்டம். காற்று இடமிருந்து வந்தால் பந்து அங்கே போகும், தொடக்கத்திலேயே பணிவு வந்துவிடும். அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சன் அந்த மைதானத்தின் மேல் காதல்கொண்டு 2000-ல் அந்தக் கிளப்பின் கேப்டனாகவே இருந்தார்.

பணம் பார்க்க வேண்டுமென்றால் மேயோ மாவட்டத்துக் கார்ன், ஸ்லைகோ பக்கம் எனிஸ்க்ரோன், ஸ்ட்ராண்ட்ஹில். மணல்மேடுகளில் குறையே இல்லை, கூட்டம் குறைவு, கட்டணமும் குறைவு. காற்று எல்லா இடத்திலும் இலவசம்.

போர்ட்ரஷும் கவுண்டி டவுனும் வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சிப் பகுதியில் இருக்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்கள் கவனியுங்கள்: எல்லையில் சாவடி இல்லை, யாரும் நிறுத்தவும் மாட்டார்கள், ஆனால் அதனால் விசா வேண்டாம் என்று ஆகாது. பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டத்தின்கீழ் முத்திரையிட்ட குறுகியகால விசா இருந்தால் ஒன்றிலேயே இரு பக்கமும் போகலாம், இல்லாவிட்டால் தனி விசா.

கேடி (பை சுமந்து வழி சொல்லும் உதவியாளர்) அவசியமா?

அறியாத மைதானத்தில், அதுவும் காற்றில், முதல் ரவுண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பையைச் சுமப்பது சிறிய வேலை. எங்கே பார்த்து அடிப்பது, எந்தக் கிளப், அந்த மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் பெரிய வேலை. அவர் சொன்ன கிளப்பை எடுங்கள். 120 கெஜத்துக்கு 5 அயர்னை நீட்டினால் சிரிக்காதீர்கள், நான் சிரித்துவிட்டு 8 அயர்னால் அடித்தேன், பந்து பாதியில் கிடந்தது, அவர் ஒன்றும் சொல்லாமல் 5 அயர்னைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

எப்போது ஆட்டத்தை விட்டுவிட வேண்டும்?

மின்னல் என்றால் உடனே. இங்கே அடிக்கடி வராது, ஆனால் திறந்த வெளியில் கையில் இரும்போடு நிற்பது நீங்கள்தான். மழைக்காக நிறுத்தச் சாக்கு தேடும் போட்டி ஆட்டக்காரர்களுக்கு விதி இடம் தராது, மின்னல் பயத்துக்கு இடம் தரும். மெட் ஏரன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தரும். மஞ்சள் காற்றில் உள்ளூர்க்காரர்கள் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆரஞ்சு என்றால் ஹோட்டலிலேயே இருங்கள், சிவப்பு என்றால் கதவைத் திறக்காதீர்கள். 2025 ஜனவரியில் ஏயோவின் புயல் வந்தபோது கால்வே பக்கத்து மேஸ் ஹெட்டில் காற்று 184 கிலோமீட்டர் வேகம் தொட்டது, அது நாட்டின் சாதனை அளவு.

இது தவிர, கை விறைத்துப் பந்தை டீயில் (பந்தை ஏற்றி வைக்கும் சிறு ஆணிக்கும் அதே பெயர்) வைக்க முடியவில்லை என்றால் போதும், கிளம்பிவிடுங்கள். 300 யூரோ கொடுத்தோமே என்று நடுங்கிக்கொண்டே நிற்பது யாருக்கும் லாபமில்லை.

முடித்த பிறகு?

கிளப் உணவகத்தில் சூடான மீன் சூப்பும் பழுப்பு ரொட்டியும். சைவர்களுக்குக் காய்கறி சூப் பெரும்பாலும் இருக்கும். மது தொடுபவர்கள் ஐரிஷ் காபி கேளுங்கள். அதுவும் இந்த வானிலையின் பிள்ளைதான்: 1940-களில் லிமரிக் மாவட்டத்து ஃபாய்ன்ஸில் கடல் விமானங்கள் இறங்கும் நிலையம் இருந்தது, குளிரில் விறைத்து வந்த பயணிகளுக்காகச் சமையற்காரர் ஜோ ஷெரிடன் காபியில் விஸ்கியை ஊற்றி மேலே கிரீம் மிதக்கவிட்டார் என்பார்கள்.

நனைந்த ஷூ மறுநாளைக்குள் காயுமா?

ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும். உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், தூங்கப் போகுமுன் ஒருமுறை தாளை மாற்றுங்கள். ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் பழைய தாள் கட்டாகக் கொடுப்பார்கள், எதற்கென்று கேட்கக்கூட மாட்டார்கள்.